ஏலத்தில் எடுத்த கரோலா

2023 தொடக்கத்தில் என் மனைவிக்கு வேலை கிடைத்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் பக்கம் ஒரே காரை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வேலைக்குப் போவது நடக்காத காரியம். பழைய கார்களோ அப்போது யானை விலை விற்றன. 2018 டொயோட்டா கரோலாவுக்கே பதினேழாயிரம் டாலர் கேட்டார்கள். எதிர்வீட்டு மதுரை அண்ணன்தான் சால்வேஜ் டைட்டில் வண்டியைப் பற்றிச் சொன்னார். அவர் ஏற்கெனவே இரண்டு வண்டிகளை அப்படித் தேற்றியவர்.

டைட்டில் என்பது நம்மூர் ஆர்.சி. புத்தகம் மாதிரி. அடிபட்ட வண்டியைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு செய்தால், உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளும். டைட்டிலில் 'சால்வேஜ்' என்று ஏறிவிடும், வண்டி ஏலத்துக்குப் போகும். கம்பெனி கணக்குப் போடுவது புதுப் பாகத்தின் விலைக்கும் பெரிய ஷாப் கூலிக்கும். நாம் காயலான் கடையில் பாகம் தேடுகிறோம். லாபம் என்று ஏதாவது இருந்தால் அந்த இடைவெளியில்தான்.

"தம்பி, முன்னால அடிபட்டதை எடு, பரவாயில்லை. தண்ணியில நின்ன வண்டிப் பக்கம் போயிடாதே" என்றார் அண்ணன். வயரிங்குக்குள் போன ஈரம் ஆறு மாதம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். 'நான்ரிப்பேரபிள்' என்று டைட்டில் இருந்தாலும் தொடக் கூடாது. அதை என்ன செய்தாலும் சாலைக்குக் கொண்டுவர முடியாது, உதிரிபாகத்துக்கு மட்டும்தான்.

ப்ரோக்கர் வழியாக 4,700 டாலருக்கு ஒரு வெள்ளைக் கரோலா விழுந்தது. சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். ஏலக் கட்டணம், ப்ரோக்கர் கூலி, டோயிங் (வண்டியை இழுத்துவரும் கூலி) எல்லாம் சேர்த்து, வீட்டு வாசலுக்கு வரும்போது 5,930 ஆகிவிட்டது. ஏல யார்டிலேயே நிறுத்திவைத்தால் நாள் வாடகை வேறு ஏறும்.

ஏலப் படங்களில் பத்துப் பன்னிரண்டு கோணங்கள் இருந்தன. பானெட் மடங்கியது, பம்பர் தொங்கியது, ஒரு ஹெட்லைட் உடைந்தது, ஸ்டியரிங்கில் ஏர்பேக் பிதுங்கி நின்றது, எல்லாம் தெரிந்தது. வண்டி வந்ததும் உள்ளே உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தேன். வரவில்லை. வெளியே கிடந்த ஒரு சாண் நீளமும் துணி மாதிரித் துவண்டு தொங்கியது. விட்டால் உள்ளேயும் போகவில்லை. பக்கத்து சீட்டிலும் அதே கதை. மோதும்போது பெல்ட்டை இறுக்குவதற்கு உள்ளே சின்ன வெடிமருந்து வைத்திருக்கிறார்கள். ஒருமுறை வெடித்தால் அவ்வளவுதான். எந்தப் படத்திலும் இது தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாம் ஒரு மெக்சிகோக்காரர் பார்த்தார். கை சுத்தமான வேலை. பானெட்டை அவர் மாட்டி மூடியபோது இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவில் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது. சேஸிஸ் கோணவில்லை என்று அர்த்தம்.

ஏர்பேக்குக்கு அவர் ஆன்லைனில் நூற்றைம்பது டாலருக்கு ஒன்றைக் காட்டினார். மனைவி ஓட்டப்போகிற வண்டி. வேண்டாம் என்று டீலரிடமே புதிதாக வாங்கினேன். அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே, மலிவான மாற்று ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களால் (பையை ஊதும் பாகங்களால்) சாவு விழுகிறது என்று எச்சரிக்கை விட்டது. படித்தபோது வயிற்றைக் கலக்கியது. ஏர்பேக், பெல்ட், அவற்றின் கம்ப்யூட்டரை ரீசெட் செய்தது எல்லாம் சேர்த்து 1,900.

முன்பக்கக் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால், எதிரே இருப்பதைக் கவனிக்கும் ரேடார் இருக்கிறது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அதன் பிராக்கெட் லேசாக வளைந்திருந்தது, கண்ணுக்குப் பிடிபடாத அளவு. டாஷ்போர்டில் விளக்கு அணையாமல் இருந்ததால்தான் கண்டுபிடித்தோம். மாற்றி, ரேடார் சரியான திசையைப் பார்க்கும்படி கேலிபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. சால்வேஜ் டைட்டிலோடு சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் அதற்கும் டோயிங், வீல் அலைன்மென்டுக்கும் டோயிங்.

இரும்பு வேலை ஏழு வாரம். காகித வேலைக்கு ஒரு நாள் போதும் என்று நினைத்தேன். சரிசெய்த சால்வேஜ் வண்டிக்குப் புது டைட்டில் வாங்க டெக்சாஸில் வி.டி.ஆர்-61 என்று ஒரு படிவம் உண்டு. எந்தெந்தப் பெரிய பாகத்தை மாற்றினோம், யாரிடம் வாங்கினோம், பாகத்தில் எண் இருந்தால் அது என்ன என்று எழுத வேண்டும். கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகக் கவுன்ட்டரில் இருந்த அம்மா படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, பானெட் வரியில் பேனாவை வைத்தார். நான் அதை ரொக்கம் கொடுத்து ஒரு ஆளிடம் வாங்கியிருந்தேன். ரசீது இல்லை, முழுப் பெயர்கூடத் தெரியாது. திரும்பி வந்து, பழைய குறுஞ்செய்திகளைத் துழாவி, அந்த ஆளைப் பிடித்துப் பெயரும் கையெழுத்தும் வாங்க ஒன்பது நாள் ஆனது. சரிசெய்த வண்டிக்கான 'ரீபில்ட்' கட்டணம் 65 டாலர், டைட்டில் கட்டணமும் வரியும் தனி.

அப்போது பாதுகாப்புச் சோதனையும் கட்டாயம். பிரேக், விளக்கு, டயர் பார்த்தார்கள், ஏர்பேக்கைப் பார்க்கவில்லை. 2025 ஜனவரியிலிருந்து சொந்தக் கார்களுக்கு அந்தச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள். டாலஸ் போன்ற சில கவுன்ட்டிகளில் புகைச் சோதனை மட்டும் மிச்சம்.

இன்சூரன்ஸுக்கு நான்கு கம்பெனிகளைக் கேட்டேன். மூன்று பேர் எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் தருவோம் என்றார்கள். நான்காவது கம்பெனி முழுசாகக் கொடுத்தது, ஆனால் க்ளெய்ம் வந்தால் மதிப்பைக் குறைத்துத்தான் தருவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டது.

மொத்தம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். மிச்சம் ஐந்தாயிரம் என்று அண்ணனிடம் சொன்னேன். "விக்கும்போது சொல்லு" என்று சிரித்தார். புது டைட்டிலில் 'ரீபில்ட் சால்வேஜ்' என்று இருக்கிறது. அது இந்த வண்டியை விட்டுப் போகாது. நான் விற்கவில்லை. மனைவி இன்னும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். நான் ஏறி உட்கார்ந்தால் மட்டும் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன்.