கொட்டும் மழையிலும் கணக்குத் தப்பாத டிப்பிங் பக்கெட்

ஒரு வழியாக என் மொட்டைமாடி மழைமானி பேய்மழையிலும் சரியாக எண்ணுகிறது. இது டிப்பிங் பக்கெட் வகை: புனலில் விழும் மழை, சீசா போல இருபக்கம் உள்ள சின்ன வாளியில் சேரும்; ஒரு பக்கம் நிரம்பியதும் அது சாய்ந்து கொட்டும், மறுபக்கம் நிரம்பத் தொடங்கும். சாய்வுகளை எண்ணினால் மழை அளவு. தூறலை எந்த மானியும் எண்ணிவிடும். மணிக்கு 80, 100 மி.மீ. என்று கொட்டும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும்.

மும்பையில் சயான், மாட்டுங்கா பக்கம் இருப்பவர்களுக்கு நாள் மொத்தத்தைவிட அந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம். மும்பையின் பழைய மழைநீர்க் கால்வாய்கள், அதுவும் கடல் வற்றியிருக்கும்போது, மணிக்கு 25 மி.மீ. தாங்கும் கணக்கில் கட்டியவை. அவற்றை மேம்படுத்தும் மாநகராட்சியின் பிரிம்ஸ்டோவாட் திட்டத்தின் இலக்கே 50 தான். 120 மி.மீ. நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் கிங்ஸ் சர்க்கிளில் பஸ் வழக்கம்போல ஓடும். அதே மழை இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் கதை வேறு. சரி, வானிலைத் துறையின் அளவு இருக்கிறதே என்றால், 2005 ஜூலை 26 அன்று சான்டாகுரூஸில் 944 மி.மீ., கொலாபாவில் வெறும் 73. ஒரே ஊர்தான். நம் மாடிக்கு நம் மானிதான் சாட்சி.

சிக்கல் என்னவென்றால், வாளி சாயும் அந்த அரை நொடியிலும் புனலிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. ஏற்கெனவே நிரம்பிய பக்கம் விழும் அந்தத் தண்ணீர் கணக்கில் வராது. தூறலில் இது ஒன்றுமில்லை. மழை வலுக்க வலுக்க மானி குறைத்துச் சொல்லும். வெள்ளம் வரும் நேரத்தில் பார்த்துப் பொய் சொல்லும் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் புனல் வாயின் விட்டம் 20 செ.மீ. அதாவது 1 மி.மீ. மழைக்கு 31.4 மி.லி.; 0.2 மி.மீ. சாய்வுக்கு 6.28 மி.லி. ஒரு லிட்டருக்கு 159 சாய்வு வர வேண்டும். குவளையால் ஊற்றிச் சோதிப்பதில் அர்த்தமே இல்லை, வேகம் நிலையாக இருக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் டிரிப் செட்தான் இதற்குச் சரியான கருவி. உருளையைத் திருகி வேகத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் டிரிப் செட் மாட்டிய கேனில் தண்ணீர் இறங்க இறங்க வேகமும் இறங்கும். இதற்கு மாரியோட் குடுவை வேலை: மூடி வழியாக ஒரு மெல்லிய குழாயைக் கேனின் அடிப்பக்கம் வரை விட்டு, மற்ற எல்லா இடுக்கையும் எம்-சீல் போட்டு அடைக்க வேண்டும். காற்று அந்தக் குழாய் வழியாக மட்டுமே உள்ளே வரும். மேலே தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் குழாயின் கீழ்முனைதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் எல்லாம் போச்சு. வெளியே வரும் தண்ணீரைச் சமையலறைத் தராசில் பிடித்து, 1000 கிராம் ஆகும் வரை சாய்வுகளை எண்ணினேன்.

மெதுவாக விட்டால் 159. ஒரு லிட்டரைப் பத்தொன்பது நிமிடத்தில், அதாவது மணிக்கு சுமார் 100 மி.மீ. வேகத்தில் விட்டால் 151. அதனால் இப்போது நிரலில் ஒரே பெருக்கு எண் கிடையாது. இரண்டு சாய்வுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து, அது சுருங்கச் சுருங்க ஒரு சாய்வின் மதிப்பை 0.2 இலிருந்து 0.21 வரை ஏற்றுகிறது. பக்கத்தில் வைத்திருக்கும், கையால் அளக்கும் சாதாரண மழைமானியை காலை எட்டரைக்குப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. பெருமையாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சாய்வையும் காந்தத்தால் உணரும் ரீட் சுவிட்சுக்கு, மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் கண்ணாடிக் குழல் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள், அதன் கம்பிக் கால்களை வளைக்கும்போதே விரிசல் விடும். பிளாஸ்டிக் உறை போட்டது கொஞ்சம் விலை, ஆனால் நிம்மதி. அடுத்ததில், காந்தத்தைக் கண்ணாடி இல்லாமலே உணரும் ஹால் சென்சார்தான். புறாக்களுக்குப் புனல் விளிம்பைச் சுற்றி கேபிள் டை முட்கள். வேறெதற்கும் அவை மசியவில்லை.

வெளிக்கூடு இன்னும் பாக்கி. அதற்குள் மனசு நாலா பக்கம் போய்விட்டது. தெருமுனை நாலாவுக்கு (திறந்த மழைநீர்க் கால்வாய்) மேலே, ஒலியால் தூரம் அளக்கும் தண்ணீர்ப்புகா அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டி, மழை வேகத்தையும் கடல் ஏற்ற அட்டவணையையும் ஒரே வரைபடத்தில் போட வேண்டும். கடல் ஏறியிருக்கும்போது நாலா எவ்வளவு நேரம் இறங்காமல் நிற்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. சுமார் ஒரு சாண் தூரத்துக்குள் வருவதை இந்த சென்சார் பார்க்காது என்பதால் கம்பத்தில் உயரமாக மாட்ட வேண்டும். அதற்கு முதலில் சொசைட்டி செயலாளரைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.