குறிப்புப் பத்தியில் ‘எலி’

நெல் வரிசைகளின், அதாவது புது ரகம் உருவாக்க வளர்க்கும் நெல் வம்சங்களின், மரபணுத் தகவலை வைத்து, அவை எவ்வளவு மகசூல் தரும் என்று முன்கூட்டியே கணிக்கும் மாடல்களை உருவாக்குவது என் வேலை. பெரும்பாலும் கணினி முன் உட்கார்ந்துதான். ஆனால் இத்தனை காலமும் இந்த வேலையில் என்னைப் பிடித்து வைத்திருப்பது வயலோடு சேர்ந்த பகுதி.

சில குணங்களுக்கு ஒரே மரபணு போதும். வெள்ளத்தில் மூழ்கினாலும் நெல்லைத் தாக்குப்பிடிக்க வைக்கும் சப்1ஏ அப்படிப்பட்டது. 2006இல் அதை அடையாளம் கண்டார்கள். அதை ஸ்வர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்ததும், இரண்டு வாரம் வரை தண்ணீருக்கடியில் கிடந்தாலும் மீண்டு எழும் பயிர் கிடைத்தது. மகசூல் அப்படி இல்லை. ஏராளமான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துச் சேர்வது அது. முக்கியமானவற்றை மட்டும் பொறுக்காமல், எல்லாக் குறிப்பான்களின் (மரபணுத் தொகுதியில் செடிக்குச் செடி மாறும் இடங்கள்) விளைவையும் ஒரே நேரத்தில் மதிப்பிடுவோம் என்று மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் ஆகிய மூவரும் 2001இல் எழுதினார்கள். இன்று நாற்றின் இலைத்துண்டு ஒன்றிலிருந்து, அந்தச் செடி கதிர் விடும் முன்பே அதன் தரத்தை ஊகிக்க முடிவது அந்த யோசனையால்தான்.

சரி, தரவு எப்படி இருக்கும்? செடி வரிசைகள் சில நூறு, குறிப்பான்கள் பல்லாயிரம். படங்களை லட்சக்கணக்கில் அள்ளிப் பழகியவர்கள் இதைப் பார்த்ததும் திகைப்பார்கள். கூடுதல் தரவு வேண்டுமென்றால் இன்னொரு பருவம் விதைக்க வேண்டும், அறுக்க வேண்டும். எவ்வளவு வேகமான கணினி வாங்கினாலும் பயிர் தன் நேரத்தில்தான் முற்றும். அதனால்தான் இங்கே எளிய நேர்கோட்டு முறைகள், பல அடுக்குகளாகக் கற்கும் ஆழ்கற்றல் வலைப்பின்னல்களுக்குப் பல நேரம் சளைக்காமல் நிற்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு இதில் ஒரு நேர்மை தெரிகிறது.

யாராவது புது முடிவோடு வந்தால் நான் முதலில் கேட்பது, “மாடலின் பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தீர்கள்?” என்பதுதான். சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தால், ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த வரிசைகள் இரண்டு பக்கமும் போய்விடும். அப்போது மாடல் எந்த மரபணு என்ன செய்கிறது என்று கற்காமல், இது எந்தக் குடும்பம் என்று அடையாளம் கண்டே நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஒரு குடும்பத்தை முழுசாக ஒதுக்கிவைத்துச் சோதித்தால் மதிப்பெண் பெரும்பாலும் இறங்கும். பார்க்காத பருவம், பார்க்காத ஊர் என்று வைத்தாலும் அதே கதை. இறங்கிய அந்த எண்தான் பயிர் வளர்ப்பவருக்கு உண்மையில் பயன்படும் எண்.

இலை நோய்ப் படங்களிலும் இதைப் பார்த்தாயிற்று. பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத் தொகுப்பில் 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 படங்கள். 2016இல் அதில் பயிற்றுவித்த வலைப்பின்னல் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இதை அந்த ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஊர் முழுக்கப் பரவியது 99 மட்டும்தான். பிற்பாடு இன்னொருவர், இலையையே விட்டுவிட்டு, படத்தின் பின்னணியிலிருந்து 8 புள்ளிகளை (பிக்சல்) மட்டும் எடுத்துக் கற்பித்துப் பார்த்தார். 49 சதவீதம் வந்தது! பயிரும் நோயும் சேர்ந்த 38 வகைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொன்னால் 2.6தான் வர வேண்டும். நோயோடு சேர்த்து, படம் எடுத்த மேசையையும் வெளிச்சத்தையும் மாடல் படித்திருக்கிறது.

அளவெடுக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாத்தியில் பாதிச் செடிகள் பூத்த தேதி, செடியின் உயரம், தூர்களின் எண்ணிக்கை, அறுத்த தானியத்தின் எடை, அதன் ஈரப்பதம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுவார்கள். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி, அதாவது அட்டவணையில் ஒரு நெடுவரிசை. நான் பார்த்த ஒரு தாளில், நல்ல குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வரிசைக்கு மகசூல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. குறிப்புப் பத்தியில் பென்சிலால் ‘எலி’ என்று மட்டும் எழுதியிருந்தது. அப்புறம் கீழே ‘தண்ணீர் தேங்கியது’, ‘ஓரப் பாத்தி’. கோப்பைச் ‘சுத்தம்’ செய்யும்போது பலர் முதலில் நீக்குவது இந்தப் பத்தியைத்தான், எண்ணாக இல்லை என்பதால். நீக்கிவிட்டால், எலி தின்றதை மாடல் மரபணுவின் கணக்கில் எழுதிவிடும்.

ஒரே வயலில்கூட மண் ஒரே மாதிரி இருக்காது. 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர் இதோடுதான் மல்லுக்கட்டினார். எந்த ரகம் எந்தப் பாத்திக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது, ஒவ்வொன்றையும் பல இடங்களில் திரும்ப நடுவது, இவையெல்லாம் அவர் அங்கே வகுத்துக் கொடுத்தவை. இன்று எந்திரக் கற்றல், அதாவது தரவிலிருந்து மாடல்கள் கற்பது, நிற்கும் புள்ளியியலில் ஒரு பகுதி உரச் சோதனை வயல்களில் வளர்ந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது எங்களுக்கு வரும் கோப்புகளில் குறிப்புப் பத்தியை யாரும் தொடாமல் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். அளவெடுத்தவர்களின் பெயர் கட்டுரை ஆசிரியர் பட்டியலில் வர வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். சில முறை நடக்கிறது. சில முறை நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அடுத்த கட்டுரைக்கும் கேட்பேன்.