ஆறு மாதக் கெடு

"சிரமம்னு எழுதியிருக்கீங்களே தம்பி, யாருக்குச் சிரமம்?" குறிப்பைப் படித்துவிட்டு எங்கள் மூத்த அதிகாரி கேட்டது இவ்வளவுதான். 2019 ஜனவரி முதல் வாரம். திருவாரூர் இடைத்தேர்தலை 28-ஆம் தேதி நடத்த முடியுமா என்று மேலிருந்து கருத்துக் கேட்டிருந்தார்கள். நிவாரண வேலை முடியவில்லை, நடத்துவது சிரமம் என்று எழுதியிருந்தேன்.

எழுதியதில் பொய் இல்லை. கஜா புயல் அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குடிசைக் கணக்கு எடுக்கிற அதே வி.ஏ.ஓ.தான் வாக்குச்சாவடியையும் பார்க்க வேண்டும். என் மேசையில் ஒரு பக்கம் வாக்காளர் பட்டியல், இன்னொரு பக்கம் ரப்பர் பேண்டு போட்ட பாஸ்புக் ஜெராக்ஸ் கட்டுகள். சிலவற்றில் ஈரம் பட்டுக் கணக்கு எண்ணே தெரியாது. ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தேர்தல் நடத்தை விதி வேறு வந்துவிட்டது. இதையெல்லாம் சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. "அக்டோபர்ல மழைன்னாங்க, சரி. இப்போ புயல். அடுத்து நாடாளுமன்றத் தேர்தலோட சேர்த்துக்கலாம்பாங்க. அப்புறம் சட்டத்துல ஆறு மாசம்னு எதுக்கு?"

அவர் சொன்னது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல். மிச்சப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் விலக்கு. அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் விலக்கு. 1996-இல்தான் இந்தக் கெடுவே வந்தது. திருவாரூர் எம்.எல்.ஏ.வாக இருந்த கலைஞர் மறைந்தது 2018 ஆகஸ்ட் 7. அப்படிப் பார்த்தால் ஜனவரி 28 ஏறக்குறைய கடைசி வாய்ப்பு.

என் பக்கமும் நியாயம் இருந்தது. கட்சிகளில் பலவும் தள்ளிவைக்கத்தான் கேட்டன. ஜனவரி 7-ஆம் தேதி ஆணையமும் ரத்து செய்துவிட்டது. என் ஒரு குறிப்பால் எதுவும் மாறியிருக்காது. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது மனசு கொஞ்சம் அடங்கும். உடனே சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ஞாபகம் வரும். அங்கே தேர்தலை ரத்து செய்யப் பணப் பட்டுவாடா காரணம், இங்கே புயல். இரண்டுமே நிஜமான காரணங்கள்தான். ஆனால் 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்து காலியான அந்தத் தொகுதிக்கு அடுத்த ஆண்டு டிசம்பர் 24 வரை எம்.எல்.ஏ. இல்லை.

அந்த வாரத்திலேயே பட்டியலில் பெயர் விட்டுப்போன ஒரு அம்மா மனுவோடு வந்திருந்தார். "எம்.எல்.ஏ.கிட்ட சொல்லலாம்னா, அந்த ஆளும் இல்லையேங்கய்யா" என்றார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டேன். தேர்தலைத் தள்ளச் சொல்லி நான் எழுதியதே இவரைப் போன்றவர்களுக்காகத்தான். இவருக்கோ, தன் பெயர் ஏன் விட்டுப்போனது என்று எங்களை அதட்டிக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மழைக்கு முன்பே, செப்டம்பர் கடைசியில் தேர்தல் நடந்திருந்தால் புயல் அடித்த அன்றைக்கு அந்த ஆள் இருந்திருப்பார். இதை யோசிக்கும்போது அதிகாரி சொன்னதுதான் சரி என்று படுகிறது. ஜெராக்ஸ் கட்டுகளை நினைத்தால் நான் எழுதியதுதான் சரி.

கடைசியில் அவர் சொன்னபடியேதான் ஆனது. ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து நடந்தது. எங்களிடம் வந்த கேள்வி 28-ஆம் தேதி முடியுமா என்பது மட்டும்தான். எந்தத் தேதியில் முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மார்ச் தொடக்கம் என்று எழுதியிருப்பேன் என்றே நினைக்கிறேன். வி.ஏ.ஓ.க்களைக் கேட்டிருந்தால் இன்னும் தள்ளிச் சொல்லியிருக்கலாம்.