"தூங்கினியா?" என்று கேட்ட இரவு

"உங்களுக்கு வீடு இங்கேயே இருக்கு அண்ணா."

அன்று இரவு அவன் சொன்னதில் என்னைவிட்டுப் போகாத வரி இதுதான். குத்திக்காட்டும் தொனியில் சொல்லவில்லை. ஒரு கணக்கை எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னான். கணக்கு சரி. அதனால்தான் இன்னும் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான் அமெரிக்காவில் சரக்கு விமானக் கேப்டன். அவன் அன்று என்னோடு பறக்க வந்த புதிய துணை விமானி, ஃபர்ஸ்ட் ஆபீசர். நள்ளிரவு ரிப்போர்ட், அதாவது பணிக்கு வந்து நிற்க வேண்டிய நேரம். வானிலை, எரிபொருள் எல்லாம் பார்த்து முடித்துவிட்டோம். நான் எப்போதும் கேட்பதைப் போலத்தான் கேட்டேன்.

"தூங்கினியாப்பா?"

"தூங்கினேன் அண்ணா."

"எங்க?"

"டாலஸ்ல இருந்து வர்றப்போ."

விமானத்தின் கூடுதல் இருக்கையான ஜம்ப்சீட்டில் உட்கார்ந்தபடி கண்ணை மூடியிருந்த நேரத்தைத்தான் தூக்கம் என்கிறான். அந்த இரண்டாவது கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டுமா என்பதுதான் விஷயம். "தூங்கினேன்" என்றதும் தலையாட்டிவிட்டு விமானத்துக்குப் போயிருக்கலாம். எத்தனையோ இரவுகளில், எத்தனையோ பேரிடம், அப்படித்தான் போயிருக்கிறேன்.

அவன் வீடு பீனிக்ஸில். மனைவிக்கு அங்கே வேலை, குழந்தை சிறியது. ரிசர்வில், அதாவது அழைத்தால் வரத் தயாராகக் காத்திருக்கும் பணியில், இருந்தவனுக்கு முந்தின நாள்தான் இந்த டிரிப்பைக் கொடுத்திருந்தார்கள். அதற்காகக் காலை நான்கு மணிக்கே எழுந்திருக்கிறான். முதல் விமானத்தில் இடமில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஏறி டாலஸ் வந்து, அங்கே காத்திருந்து, ராத்திரி ஹப்புக்கு, எங்கள் நிறுவனத்தின் மைய விமான நிலையத்துக்கு, வந்து சேர்ந்தான். ஜம்ப்சீட் என்பது சக விமானிக்குத் தரும் மரியாதை. உரிமை கிடையாது. அந்த விமானத்தின் கேப்டன் சம்மதிக்க வேண்டும், எடை ஒத்துவர வேண்டும். அதனால்தான், ஒன்று தவறினால் இன்னொன்று கையில் இருக்கும்படி கிளம்பு என்று கம்யூட் செய்கிறவர்களுக்கு, அதாவது வேறு ஊரிலிருந்து விமானம் பிடித்து வேலைக்கு வருகிறவர்களுக்கு, எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அவன் அதை அப்படியே செய்தவன். பொறுப்பில்லாத ஒருவன் மதியம் வரை தூங்கிவிட்டுக் கடைசி விமானத்தைப் பிடித்திருந்தால், என் கேள்விக்குத் தெளிவான முகத்தோடு பதில் சொல்லியிருப்பான். பொறுப்பாக இருந்ததுதான் இவன் தூக்கத்தைத் தின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

நான் கணக்குப் போட்டேன். கோடைகாலத்தில் பீனிக்ஸ் எங்களைவிட மூன்று மணி நேரம் பின்னால். அவன் எழுந்தபோது இங்கே காலை ஏழு. நள்ளிரவில் விழித்துப் பதினேழு மணி நேரம் ஆகிவிட்டது. விடிகாலையில் இரண்டாவது லெக்கை, அதாவது இரண்டாவது பறப்பை, முடித்துத் தரையிறங்கும்போது இருபத்துமூன்றைத் தொடும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமெரிக்காவில் விமானிக்கு வரம்பு 0.04. மது வாசனை வந்திருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன்.

இதைச் சொன்னபோது அவன் மறுத்தான், அதுவும் நியாயமாக. "என் உடம்புக்கு இப்போ ஒன்பது மணிதான் அண்ணா. நீங்க பகல்ல எவ்வளவு தூங்குனீங்க?"

பகலில் என் தூக்கம் எப்போதுமே துண்டு துண்டானது. அன்றும் அப்படித்தான். என் உடம்புக்கோ மணி பன்னிரண்டு. எங்கள் இருவரில் அதிகாலை நான்கு மணிக்கு யார் அதிகம் தடுமாறியிருப்போம் என்று உறுதியாகச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. நான் சட்டப்படி ஓய்வெடுத்தவன், அவனும் சட்டப்படி ஓய்வெடுத்தவன்தான். வீட்டிலிருந்து பேஸுக்கு, அதாவது பணி தொடங்கும் ஊருக்கு, வருவது பணிநேரத்தில் சேராது. காகிதத்தில் அவன் அன்று பகல் முழுக்க ஓய்வில் இருந்திருக்கிறான்.

"ஃபடீக் கால் போட்டுடு" என்றேன். களைப்பால் பறக்க முடியாது என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவதுதான் அது. அப்போதுதான் அந்த வரியைச் சொன்னான்.

அதற்குள் இருக்கும் பணக்கணக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. சரக்கு விமானி என்றாலே கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று நினைப்பார்கள். சீனியர் கேப்டனுக்கு அது பொருந்தும். பல நிறுவனங்களில் ஃபர்ஸ்ட் ஆபீசரின் முதல் வருடச் சம்பளம் இரண்டாம் வருடத்தைவிடக் கணிசமாகக் குறைவு. மாதத்துக்கு இத்தனை மணி நேரச் சம்பளம் நிச்சயம் என்று ஒரு கேரண்டி உண்டு, புதியவன் பெரும்பாலும் அதில்தான் உட்கார்ந்திருப்பான். ஷார்ட் கால் ரிசர்வ் என்றால் அழைத்த சில மணி நேரத்தில் ஹப்பில் நிற்க வேண்டும். வேறு மாநிலத்தில் இருப்பவனால் வீட்டில் இருந்தபடி அது முடியாது. ஆகவே நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கும் கிராஷ்பேடில் ஒரு படுக்கைக்கு வாடகை. அங்கே இடமில்லாத நாளில் சொந்தக் காசில் ஹோட்டல். ஃபடீக் என்று சொல்லி டிரிப்பை விட்டால் எங்கள் ஒப்பந்தப்படி அந்த மணி நேரங்கள் கேரண்டியிலிருந்து கழியும். விடுப்புக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்று ஒரு வழி இருக்கிறது. புதிதாக வந்தவனுக்கு அந்தக் கணக்கில் என்ன சேர்ந்திருக்கும்?

பணத்தைவிடப் பெரியது புரொபேஷன். முதல் வருடத்தில் நிறுவனம் போகச் சொன்னால் யூனியனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இப்படி ஒவ்வொன்றையும் இழக்கக்கூடியவன் அவன். எனக்கோ எதுவும் குறையாது. வேறொருவரை ரிசர்விலிருந்து எழுப்புவார்கள், நான் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினால் போதும். "உங்களுக்கு வீடு இங்கேயே இருக்கு" என்றால் இவ்வளவும் அதில் அடக்கம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு போனை எடுத்தான். அவன் அழைக்க மறுத்திருந்தால் பணி ஒதுக்கும் ஷெட்யூலிங் பிரிவை நானே அழைத்திருப்பேனா? ஆம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேப்டனுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. ஆனால் நான் அழைத்திருந்தால் அது அவன் பெயரில் இன்னும் மோசமாகப் பதிவாகியிருக்கும், அது அவனுக்கும் தெரியும். அப்படியானால் அவன் அழைத்தது அவன் விருப்பத்திலா?

சீஃப் பைலட் அவனைக் கூப்பிட்டுப் பேசினார். 'கம்யூட்டைத் திட்டமிடுவதில் கவனம் தேவை' என்பதுபோல ஏதோ எழுதி வைத்தார்களாம். அந்த மாதச் சம்பளத்தில் குறைந்தது. அதன்பின் என்னைப் பார்க்கும்போது நன்றாகத்தான் பேசுகிறான். ஆனால் 'அண்ணா' போய் 'கேப்டன்' வந்துவிட்டது.

நான் செய்தது சரியென்று வாதாட என்னிடம் நிறைய இருக்கிறது. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 பயணிகள் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்தார்கள். அந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாக, இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் பயணம் செய்து நியூவார்க்குக்கு வந்தவர். இரு விமானிகளுடைய செயல்திறனும் களைப்பால் பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கும், எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது விசாரணை அறிக்கை. அவருடைய சொற்பச் சம்பளத்தைப் பற்றி அப்போது நாடே பேசியது. 2013 ஆகஸ்டில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் யுபிஎஸ் 1354 சரக்கு விமானம் விடிகாலையில் தரையிறங்க வந்து ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது, இரு விமானிகளும் இறந்தார்கள். சரக்கு விமானிகளுக்கான ஓய்வு விதிகளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது காக்பிட் பதிவில் இருக்கிறது. அந்த எழுத்துப்படியைப் படித்த பிறகு என்னால் "தூங்கினியா?" என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

கோல்கனுக்குப் பிறகு வந்த பார்ட் 117 என்ற அமெரிக்க ஓய்வு விதிகள் 2014 ஜனவரி 4 முதல் நடைமுறையில் இருக்கின்றன. நள்ளிரவில் பணி தொடங்கும் இரண்டு விமானிகளுக்கு அதில் ஒன்பது மணி நேரம்தான் பணி வரம்பு. அது பயணிகள் விமானத்துக்கு. சரக்கு மட்டும் ஏற்றுபவர்களை, செலவு பலனைவிட அதிகம் என்று கணக்குக் காட்டி விட்டுவிட்டார்கள். சரக்கு விமானங்களுக்குத் தொடரும் சப்ளிமென்டல் விதியில் பறக்கும் இருவர் 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் வரை பணியில் இருக்கலாம். யூனியன் ஒப்பந்தங்கள் இதைக் குறைத்திருக்கின்றன என்பது வேறு விஷயம். பின்னால் பெட்டிகள் இருப்பதால் முன்னால் இருப்பவனுக்குத் தூக்கம் குறைவாக வந்துவிடுமா? எங்கள் இரவுகள்தான் உடம்பு மிகவும் தளரும் இரண்டிலிருந்து ஆறு மணிக்குள் விழுகின்றன. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப்போவதில்லை.

ஆனால் அந்தக் கோபத்தை நான் எங்கே இறக்கினேன் என்று பார்த்தால், ஒரு புதியவனின் சம்பளச் சீட்டில். கம்யூட் செய்யும் சீனியர்கள் எத்தனையோ பேரோடு பறந்திருக்கிறேன். மேற்குக் கடற்கரையிலிருந்து நேராக வந்து இறங்கியவரிடம் "தூங்கினீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். "ம்" என்பார். "எங்க?" என்று கேட்டதில்லை. அவனிடம் கேட்க முடிந்ததற்குக் காரணம் அக்கறை மட்டும்தானா? அவன் இளையவன், என்னை அண்ணா என்பவன், உண்மையைச் சொல்லிவிடுவான் என்ற தைரியமும் சேர்ந்துதானே? பொய் சொல்லத் தெரிந்தவர்கள் பறந்தார்கள். உண்மை சொன்னவன் வீட்டுக்குப் போனான். அடுத்த முறை அவனும் கற்றுக்கொண்டிருப்பான் என்றால், அன்றைய ஓர் இரவைப் பாதுகாத்து, வரப்போகும் பல இரவுகளை நான் கெடுத்துவிட்டேனோ?

இல்லை என்று தோன்றும் நாட்களும் உண்டு. இரண்டாவது லெக்கில் மழையும் குறுக்குக் காற்றும் இருந்தன. ரிசர்விலிருந்து வந்தவர் அமைதியாகத் தன் வேலையைச் செய்தார். அவன் இருந்திருந்தாலும் அநேகமாக எதுவும் ஆகியிருக்காது. அந்த 'அநேகமாக' எனக்குப் போதவில்லை.

இப்போது புதிதாகச் சேர்பவர்கள் கேட்டால் ஒன்றைத்தான் சொல்கிறேன்: மணி நேரச் சம்பளத்தைப் பார்க்காதே, ரிசர்வ் எத்தனை நாள், ஃபடீக் கால் போட்டால் யார் காசு, வீட்டிலிருந்து பேஸுக்கு நிறுவனமே டிக்கெட் போடுமா, இதையெல்லாம் கேள். சில நிறுவனங்களில் வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையத்திலிருந்தே டிக்கெட் தருகிறார்கள், பதிலுக்கு மாதத்தில் பாதிக்கு மேல் தொடர்ச்சியாக வெளியே இருக்க வேண்டும். அது முடியாதென்றால் முதல் வருடமாவது குடும்பத்தோடு பேஸுக்கு மாறிவிடு என்கிறேன்.

சென்ற வாரம் ஒரு பெண் இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாறின பிறகு அந்த பேஸையே மூடிட்டா என்ன சார் பண்றது?" என்றாள். எனக்குத் தெரிந்தே மூடியிருக்கிறார்கள். "அப்போ கம்யூட் பண்ணித்தான் ஆகணும்மா" என்றேன்.