கொலோனோஸ்கோப்பி முடிந்த அன்று இரவு அம்மாவுக்கு வந்த தோள்வலி

அம்மாவுக்கு 63 வயது. மலத்தில் ரத்தம் போகிறது என்று கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொன்னார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பேதி மருந்து கலந்த தண்ணீரை, உவ்வே உவ்வே என்று சொல்லிக்கொண்டே குடித்து முடித்தார். மறுநாள் காலை பரிசோதனையில் பெருங்குடலின் கடைசிப் பக்கம், சிக்மாய்டு என்கிற வளைவில், ஒன்றரை சென்டிமீட்டரில் பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சதை) ஒன்று இருந்தது, அப்போதே கரண்ட் கம்பியால் அறுத்து எடுத்துவிட்டார்கள். மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆறு மணிக்கு வயிறு வலிக்கிறது என்றார். காற்று அடைத்துப் பார்ப்பதால் சிலருக்கு வயிறு உப்பும், போகப்போகச் சரியாகிவிடும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்ததால் நானும் அப்படித்தான் நினைத்தேன். போன் செய்தபோது நர்ஸும் கேஸ்தான் என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அதை இன்று வரை நினைத்து வருந்துகிறேன்.

கேஸ் வலி என்றால் காற்று பிரிந்ததும் குறைய வேண்டும். அம்மாவுக்குக் காற்றே பிரியவில்லை, வலி கூடிக்கொண்டே போனது. ஒன்பது மணிக்கு "வலது தோள்பட்டை வலிக்குதுடா" என்றபோதுதான் பயம் வந்தது. வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி இறுகியிருந்தது, உடம்பும் சுட்டது. ஆட்டோ பிடித்து நேராகக் கேஷுவாலிட்டி.

நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே காற்று தெரிந்தது. குடலுக்குள் இருக்க வேண்டிய காற்று வெளியே வந்து அங்கே போய் உறுத்துவதால்தான் தோள் வலித்திருக்கிறது. சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். பாலிப் எடுத்த இடத்தில் ஓட்டை. சூடு பட்ட இடம் இப்படிப் பிறகு விட்டுக்கொடுக்கலாம், சிலருக்கு நாட்கள் கழித்துக்கூட நடக்கும் என்றார் சர்ஜன். பரிசோதனையின்போதே கண்ணில் பட்டிருந்தால் உள்ளேயே கிளிப் போட்டு மூடியிருக்கலாம், வயிறு இறுகாமல் இருந்தால் சிலரைப் பட்டினி போட்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்தே பார்ப்பார்களாம். அம்மாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இரவு ஒன்றரை மணிக்கு லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, ஓட்டையைத் தைத்தார்கள். குடல் சுத்தமாக இருந்ததாலும் சீக்கிரம் வந்ததாலும் மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்கவில்லை என்றார். அம்மா கஷ்டப்பட்டுக் குடித்த அந்தப் பேதி மருந்துதான் காப்பாற்றியிருக்கிறது.

அப்புறம் மூக்கில் குழாய், வயிற்றில் நீர் வடிய ஒரு டிரெய்ன் குழாய், நாலு நாள் ட்ரிப் மட்டும். ஐந்தாம் நாள் இரண்டு ஸ்பூன் இளநீர். பத்தாம் நாள் டிஸ்சார்ஜ்.

வெறுமனே பார்க்கும் பரிசோதனையில் இப்படிக் குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோதான் நடக்கிறது, பாலிப் எடுத்தால் கொஞ்சம் கூடும். நான் கையெழுத்துப் போட்ட ஆங்கிலத் தாளிலும் இது இருந்தது, படிக்கவில்லை. இதற்குப் பயந்து யாரும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பாலிப் எடுத்தார்களா, ராத்திரி வலித்தால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு இறுகினாலோ, தோள் வலித்தாலோ வாயில் எதுவும் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள், போனில் யார் கேஸ் என்று சொன்னாலும் சரி.

பாலிப் ரிப்போர்ட்டில் கேன்சர் இல்லை, ஆனால் விட்டிருந்தால் நாளடைவில் கேன்சராக மாறக்கூடிய வகை. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அம்மா சம்மதித்துவிட்டார். "அன்னைக்கு ராத்திரி நீ தூங்கக் கூடாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.