சயாம் அரசவையில் ஒரு டென்மார்க் மாலுமி

பாங்காக்கில் குடியேறிய பிறகு நான் அன்றாடம் அலுவலகம் போய்வரும் நான்காம் ராமா சாலை, சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) முதல் இருப்புப்பாதை கிடந்த தடம். ஹுவாலம்போங்கிலிருந்து ஆற்றின் கழிமுகத்திலுள்ள பாக்நாம் வரை ஏறக்குறைய 21 கிலோமீட்டர் ஓடிய அந்த ரயில், 1893 ஏப்ரலில் தொடங்கி 1960 வரை இயங்கியது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஆந்திரியாஸ் து பிளெசி த ரிஷெலியூ என்னும் டென்மார்க் கடற்படை அதிகாரி. பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்து சேரும் எங்களைப் போன்றவர்களுக்கு அவரும் ஒரு முன்னோடிதான். அவருக்குத் திறந்த கதவுகள் எங்களுக்குத் திறக்காது என்பது வேறு விஷயம்.

90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு முகவரியைத் தெரிவித்தபடி வாழ்கிறோம் நாங்கள். 1875இல், 23 வயதில் வந்த அவரிடமோ டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் பரிந்துரைக் கடிதம் இருந்தது. அதைக் கொண்டு அவர் நேரே சயாம் மன்னர் சுலாலங்கோனைக் கண்டார். ஆனால் கடிதம் வாசல்வரைதான் கொண்டுவிடும். மேற்கே பர்மாவில் ஆங்கிலேயரும் கிழக்கே இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரரும் நெருக்கிக்கொண்டிருந்த நாளில், எந்த ஐரோப்பியனை வேலைக்கு வைத்தாலும் அவனுக்குப் பின்னால் ஒரு பேரரசு நிற்குமே என்ற கவலை சயாமுக்கு இருந்தது. தரங்கம்பாடியையே 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்ட டென்மார்க்கால் யாருக்கும் அச்சமில்லை. ரிஷெலியூவின் திறமையைவிட, அவருடைய நாட்டின் சிறுமைதான் அவருக்குப் பெரிய தகுதியாக அமைந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அரச உல்லாசக் கப்பலான வேசாத்ரியின் தலைவராகி மன்னரின் பயணங்களில் உடனிருந்த அவர், மெல்ல அவருடைய நம்பிக்கைக்குரிய அரசவையாளராகி, பிரயா சோன்லயுத்தயோதின் என்ற பட்டமும் பெற்றார். டிராம், ரயில் என்று நகரின் புதுத் தொழில்களிலும் அவருக்குப் பங்கிருந்தது. மன்னரின் செல்வாக்கும் சொந்த வணிகமும் ஒரே ஆளிடம் கலப்பதை இன்று யாரும் சும்மா விடமாட்டார்கள்.

1893 ஜூலை 13 அன்று பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் இரண்டு சாவோ பிராயா ஆற்றின் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு நுழைந்தபோது, தற்காப்புப் பொறுப்பு அவரிடமும் பிற டென்மார்க் அதிகாரிகளிடமும் இருந்தது. பாக்நாம் வரை மேம்பால ரயிலில் போய், படகில் ஆற்றைக் கடந்தால், அன்று சுட்ட சுலாசோம்கிளாவ் கோட்டையைப் பார்த்துவரலாம். குழிக்குள் பதுங்கியிருந்து, சுடும்போது மட்டும் தலைதூக்கும் ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கிகள் அங்கே இன்னமும் இருக்கின்றன. பதுங்கும் புலி என்று உள்ளூரில் பெயர். அந்தப் புலிகளால் கப்பல்களைத் தடுக்க முடியவில்லை. அவை பாங்காக் வரை வந்து நங்கூரமிட்டன; அக்டோபரில் மேக்கோங் ஆற்றின் கிழக்குக் கரையை சயாம் விட்டுக்கொடுத்தது.

இப்படியொரு தோல்விக்குப் பிறகு பழி முதலில் அந்நியன் தலையில்தான் விழும். சுலாலங்கோன் அவ்வாறு செய்யவில்லை. 1900இல் கடற்படையின் தலைமையையே ரிஷெலியூவிடம் ஒப்படைத்தார். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே வெளிநாட்டவர் அவர்தான். ஆயினும் அவர் இங்கேயே நிலைத்துவிடவில்லை. 1902இல், 50 வயதில், உடல்நலம் குன்றி டென்மார்க் திரும்பி, 1932இல் அங்கேயே காலமானார்.