ஒரு காதுக்கு ஒரு குழு

பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கேட்டார். வலது காதிலிருந்து ஹெட்போனை விலக்கினேன். ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட் என்ற தாழ்ந்த சுருதி ஊதுகருவி சட்டென்று காணாமல் போனது.

இடது காதில் ஆர்னெட் கோல்மனின் சாக்ஸபோன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தது 1960 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவான கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டு. ஸ்டீரியோவில் இடப்பக்கம் நால்வர், வலப்பக்கம் நால்வர். சுமார் 37 நிமிடம். முன்பே எழுதி வைத்தது சிறுசிறு இணைப்புப் பகுதிகள்தான். மிச்சமெல்லாம் அந்த நேரத்தில் பிறந்தது.

வெறும் இரைச்சல் என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கோல்மன் தனியாக வாசிக்கும்போதும் மற்ற ஊதுகருவிக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. அவர் விட்ட ஒரு துணுக்கைப் பிடித்து, திருப்பிப் போட்டு, அவரிடமே நீட்டுகிறார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் போகிறார்.

எவ்வளவு கவனமாகக் கேட்டால் இப்படி வாசிக்க முடியும்!

எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் இவ்வளவு காது கொடுப்பதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.